மேடு ஏறாத டீசல் வண்டி: டர்போவைக் கழற்றும் முன்

கேள்வி: அண்ணா, வணக்கம். என்னிடம் 2014 மாடல், ஏழு பேர் உட்காரும் 1.3 லிட்டர் டீசல் வண்டி இருக்கிறது. மேனுவல் கியர், 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக வண்டியில் இழுவை இல்லை. ஊருக்குள் ஓட்டும்போது பெரிதாகத் தெரிவதில்லை. லாரியை முந்தலாம் என்று ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் வண்டி நகரமாட்டேன் என்கிறது. பின்னால் கரும்புகை தள்ளுகிறது. போன மாதம் குடும்பத்தோடு குன்னூர் போனோம். கல்லாறு தாண்டியதுமே இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டியதாகிவிட்டது. பர்லியாரில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, டீ குடித்துவிட்டுத் திரும்பக் கிளப்பியும் மாற்றம் இல்லை. அழுத்தி மிதிக்கும்போது முன்பக்கம் 'புஸ்' என்று ஒரு சத்தம் வருகிறது. டேஷ்போர்டில் எந்த லைட்டும் எரியவில்லை. மைலேஜ் 18-லிருந்து 14-க்கு இறங்கிவிட்டது. ஆயில் குறையவில்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும் புதிது. பட்டறையில் "டர்போ போச்சு, மாத்த 45,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். இன்னொருவர் ஈஜிஆரை (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) அடைத்துவிட்டு ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) செய்தால் போதும் என்கிறார். நான் எதைச் செய்வது? (மேட்டுப்பாளையம் வாசகர்)

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், டர்போ தன் வேலையைச் செய்கிறது, அது அழுத்தி அனுப்பும் காற்று என்ஜினுக்குப் போய்ச் சேரும் முன் வழியில் எங்கோ கசிகிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். டர்போ கெட்டிருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ரப்பர் ஹோஸையும் நான்கு கிளாம்ப்பையும் பார்க்காமல், ஒரு அளவுகூட எடுக்காமல், 45,000 ரூபாய்க்கு டர்போ மாற்றச் சொல்வது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. இழுவை இல்லாத டீசல் வண்டி என்றாலே டர்போவின் மேல் பழி போடுவது பழக்கமாகிவிட்டது. நல்ல டர்போக்கள் கழன்று குப்பைக்குப் போகின்றன, புது டர்போ போட்ட வண்டி அதே குறையோடு திரும்பி வருகிறது.

இழுவை குறைந்த டீசல் என்ஜினிடம் மூன்று விஷயம்தான் கேட்க வேண்டும். காற்று போதவில்லையா? டீசல் போதவில்லையா? இல்லை, இரண்டும் இருந்தும் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே அடக்கி வைக்கிறதா? இதற்கும் முன்னால், குறை என்ஜினில்தானா என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். கிளட்ச் வழுக்கினாலும் வண்டி ஏறாது. அப்போது ஆர்பிஎம் முள் மட்டும் மேலே போகும், வேகம் கூடாது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் இழுவை குறையும்; கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். கரும்புகையையும் 'புஸ்' சத்தத்தையும் இந்த இரண்டாலும் விளக்க முடியாது. அதனால் உங்கள் வண்டியில் நேராக என்ஜினுக்கே வந்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்தப் புகைதான். கரும்புகை என்பது முழுதாக எரியாமல் கரியாகிப் போன டீசல். டீசல் தாராளமாக வருகிறது, அதை எரிக்கக் காற்று பற்றவில்லை என்று பொருள். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, ஹை பிரஷர் பம்ப் சோர்ந்திருந்தாலோ வண்டி இழுக்காது, ஆனால் புகையும் பெரிதாக வராது. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. அப்போது டர்போவின் சீல்கள் மேல் சந்தேகம் வரலாம். உங்களுக்கு நீலப்புகையும் இல்லை, ஆயிலும் குறையவில்லை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் கரும்புகை வருமே என்று யாராவது சொல்லலாம். வரும்தான். ஆனால் அதோடு ஐட்லிங்கில் என்ஜின் தடுமாறும், 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்கும், காலையில் ஸ்டார்ட் ஆவதும் சுணங்கும். ஊருக்குள் பெரிதாகத் தெரிவதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் அதைப் பின்னால் தள்ளி வைக்கிறேன்.

அடுத்தது பர்லியார். என்ஜினை அணைத்துத் திரும்பக் கிளப்பியும் மாற்றம் இல்லை என்றீர்கள். கம்ப்யூட்டர் ஆபத்தை உணர்ந்து சக்தியைக் குறைத்து வைப்பதை லிம்ப் மோடு என்பார்கள். பல வண்டிகளில் சாவியைத் திருப்பி அணைத்துப் போட்டால் அது விலகி, கொஞ்ச நேரத்துக்குப் பழைய இழுவை திரும்பிவிடும். அப்புறம் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது மறுபடி திடீரென்று வந்து பிடிக்கும். அப்படி வந்து வந்து போனால் டர்போவின் உள்ளே இருக்கும் இறகுகள் கரி படிந்து சிக்குகின்றன என்று நினைக்க இடம் உண்டு. உங்கள் வண்டியில் குறை எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது. ஓட்டை எப்போதும் ஓட்டைதானே, என்ஜினை அணைத்துப் போட்டால் அடைபடாது.

மலை ஏறினால் காற்று குறையும், அதனால்தான் வண்டி திணறுகிறது என்றும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் ஜீப் அந்த அளவுக்குத் திணறுவது இயல்பு. டர்போ வண்டியில் டர்போ கூடுதலாகச் சுழன்று பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். அதைவிட முக்கியம், நீங்கள் சிரமப்பட ஆரம்பித்தது கல்லாறு தாண்டியதுமே. அங்கே நீங்கள் மேட்டுப்பாளையத்தைவிடப் பெரிய உயரத்துக்குப் போய்விடவில்லை. அதனால் உயரத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

சரி, காற்று கசிந்தால் ஏன் புகை வருகிறது? ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது, ஏர் ஃப்ளோ சென்சார். அது டர்போவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டையோ டர்போவுக்குப் பின்னால். சென்சாரைக் கடந்த காற்று முழுவதும் என்ஜினுக்குள் போய்விட்டதாக நம்பி, கம்ப்யூட்டர் அதற்கேற்ற டீசலைத் தெளிக்கிறது. பாதிக் காற்று வழியிலேயே வெளியே போய்விட்டது. டீசல் மிஞ்சுகிறது, கரியாக வெளியேறுகிறது. இழுவை குறைவதும் புகை வருவதும் மைலேஜ் இறங்குவதும் ஒன்றாகச் சேர்ந்து வருவதற்கு இந்த ஒரே காரணம் போதும்.

எங்கே கசியலாம்? டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஒரு ஹோஸ் போகிறது. இன்டர்கூலரிலிருந்து, என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு இன்னொன்று வருகிறது. பத்து வருடச் சூடும் ஆயில் ஆவியும் பட்ட ரப்பர் அடிப்பக்கத்தில்தான் கிழியும். மேலே நின்று டார்ச் அடித்தால் தெரியாது. கையால் அமுக்கி, வளைத்து, கீழ்ப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஈரமான ஆயில் பூச்சும் அதில் ஒட்டிய புழுதியும் இருந்தால், காற்று அந்த வழியாகத்தான் போகிறது. சில ஹோஸ்கள் வெளியே நன்றாக இருந்து உள் அடுக்கு மட்டும் உரிந்து வழியை மறிக்கும். அதனால் கழற்றி உள்ளேயும் பார்க்க வேண்டும். இன்டர்கூலரின் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் பிளாஸ்டிக் டேங்க், அலுமினியத்தோடு சேரும் இடத்தில் விரிசல் விடுவதும் உண்டு. முன் பம்பரில் எப்போதாவது அடிபட்டிருந்தால் அங்கே கட்டாயம் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் அடிபட்டதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கண்ணால் பார்த்தது போதாது. என்ஜின் நின்றிருக்கும்போதும் ஐட்லிங்கிலும் அந்த ஹோஸில் அழுத்தமே இருக்காது, கிழிசல் மூடியே கிடக்கும். பஞ்சர் கடையில் டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்குவது போலத்தான் இதையும் பார்க்க வேண்டும். டர்போவின் வாய்ப்பக்கம் ஒரு அடைப்பான் போட்டு, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரிலிருந்து காற்றை மெதுவாக ஏற்றி, எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அழுத்தம் அரை பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) ஆரம்பிக்கட்டும், ஒரு பாரைத் தாண்டக் கூடாது. டயருக்குக் காற்றடிப்பது போல முழு அழுத்தத்தையும் திறந்துவிட்டால் நன்றாக இருக்கும் இன்டர்கூலரும் பிளந்துவிடும், அடைப்பான் தெறித்து முகத்தில் அடிக்கும். தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. உங்கள் பட்டறையில் இந்த ஒரு டெஸ்டைச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் டர்போவைப் பற்றிப் பேச அவர்களுக்கு இன்னும் அடிப்படையே இல்லை.

அப்புறம் ஸ்கேனர், அதாவது கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீடுகளை (கோடு) படிக்கும் கருவி. லைட் எரியவில்லை என்பதற்காக உள்ளே கோடு எதுவும் இல்லை என்று நினைக்காதீர்கள். உறுதியாகாத கோடுகள் லைட்டைப் போடாமல் நினைவகத்தில் காத்திருக்கும். பி0299 என்று இருந்தால் டர்போ அழுத்தம் போதவில்லை என்று பொருள். பி0234 என்றால் அழுத்தம் மிஞ்சிப் போகிறது, அதாவது இறகு சிக்கும் கதை. பி0087 என்றால் டீசல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் குழாய்) அழுத்தம் குறைவு. ஒன்றை நினைவில் வையுங்கள்: பி0299 வந்தால் பட்டறைக்காரர் திரையைக் காட்டி "பாருங்க, டர்போ போச்சு" என்பார். அந்தக் கோடு சொல்வது அழுத்தம் இல்லை என்பதை மட்டும்தான். ஏன் இல்லை என்று அதற்குத் தெரியாது. கிழிந்த ஹோஸுக்கும் இதே கோடுதான் வரும்.

இந்தக் கோடுகளைவிட, வண்டி ஓடும்போது வரும் அளவுகளை நான் அதிகம் நம்புவேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மாட்டி மொபைலில் பார்க்கும் சின்ன ஸ்கேனர் இருந்தால்கூடப் போதும். முதலில் என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேனிஃபோல்டு பிரஷரைப் பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தம்தான் காட்ட வேண்டும்: மேட்டுப்பாளையத்தில் 97, 98 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். அங்கேயே 80 என்றோ 120 என்றோ காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது, மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள்.

அது சரியாக இருந்தால், அன்னூர் ரோட்டில் போக்குவரத்து இல்லாத நேரத்தில், ஒருவர் ஓட்ட இன்னொருவர் திரையைப் பார்க்க, மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து 3,000 வரை முழுக்க மிதித்து ஏற்றுங்கள். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. நல்ல வண்டியில் 2,000 ஆர்பிஎம்மைக் கடக்கும்போது மேனிஃபோல்டு பிரஷர் 200 கிலோபாஸ்கலைத் தாண்டியிருக்க வேண்டும். உங்களுக்கு 130, 140-லேயே நின்றுவிட்டால் காற்று சேரவில்லை என்பது உறுதி. அதே ஓட்டத்தில் ரெயில் பிரஷரையும் பதிவு செய்யுங்கள். கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தமும் உண்மையில் இருக்கும் அழுத்தமும் ஒன்றை ஒன்று ஒட்டியே ஏற வேண்டும். கேட்பது 1,200 பார், இருப்பது 800 பார் என்று பிரிந்தால் மட்டும் டீசல் பக்கம் போகலாம். ஐட்லிங்கில் மட்டும் பார்த்துவிட்டு "பிரஷர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் பயன் இல்லை. பாரம் ஏறும்போதுதான் குறை வெளியே வரும். புகைச் சான்றிதழ் எடுக்கும்போது இப்படிப்பட்ட வண்டி பாஸ் ஆகிவிடுவதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். அங்கே நின்ற இடத்திலேயே ரேஸ் கொடுக்கிறார்கள், டர்போவுக்குப் பாரமே வருவதில்லை.

கசிவு எங்கும் இல்லை, ஆனாலும் அழுத்தம் ஏறவில்லை என்றால் அடுத்து வேக்யூம் லைன், அதாவது டர்போவின் இறகுகளைத் திருப்ப உறிஞ்சு விசை தரும் குழாய். உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் குடும்பத்து என்ஜின். நம் ஊரில் பல கம்பெனிகளின் வண்டிகளில் இது ஓடியது. 75 குதிரைத் திறன் கொண்டதில் சாதாரண டர்போ. 90 குதிரைத் திறன் கொண்டதில் இறகு திரும்பும் விஜிடி டர்போ. உங்கள் ஆர்சி புத்தகத்தில் 66 கிலோவாட் என்று இருந்தால் அது இரண்டாவது வகை. அந்த இறகுகளைத் திருப்புவது ஒரு சின்னத் தண்டு, அதை இழுப்பது வேக்யூம் ஆக்சுவேட்டர். என்ஜினைக் கிளப்பியதும் தண்டு இழுபட வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். அசையாமல் நின்றால், பென்சில் கனமுள்ள வேக்யூம் குழாயில் வெடிப்பு, சொலினாய்டு (வேக்யூமைத் திறந்து மூடும் மின்வால்வு) பழுது, ஆக்சுவேட்டரின் உள்ளே இருக்கும் டயாபிரம் சவ்வில் கிழிசல் இவற்றில் ஒன்று. கைப்பம்ப்பால் வேக்யூம் கொடுத்துப் பார்த்தால் எது என்று உடனே தெரிந்துவிடும். தண்டு நன்றாக இழுபட்டும் நடுவில் சிக்கிச் சிக்கி நகர்ந்தால் இறகுகளில் கரி. அதையும் கழற்றிச் சுத்தம் செய்ய முடியும். உடனே புது டர்போ வேண்டியதில்லை.

டர்போவையே நேரடியாகச் சோதிக்க என்ஜின் ஆறியிருக்கும்போது ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் சக்கரத்தை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடும். பயப்பட வேண்டாம், அதன் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதப்பதால் அந்த ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியவே கூடாது. அந்தச் சக்கரத்தின் இறகு நுனிகள் கூட்டில் உரசிய தடம் இருக்கக் கூடாது. உள்ளே கொஞ்சம் ஆயில் பிசுபிசுப்பு எல்லா டர்போவிலும் உண்டு. ஆயில் தேங்கி நின்றால்தான் கவலை. சத்தத்திலும் வித்தியாசம் உண்டு: பேரிங் போன டர்போ ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஊளையிடும். 'புஸ்' என்பது காற்று பிதுங்கும் சத்தம்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். டர்போ சீல் உண்மையிலேயே போய், என்ஜின் தன் சொந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆனால், சாவியை அணைத்தாலும் நிற்காது. பானெட்டைத் திறந்து கையை விடாதீர்கள். பிரேக்கை முழுக்க மிதித்து, நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு என்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள். உங்கள் வண்டியில் அந்த அறிகுறி இல்லை, ஆனால் டீசல் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஈஜிஆரை அடைப்பதும் ரீமேப்பும் வேண்டவே வேண்டாம். ஈஜிஆர் வால்வு திறந்தபடியே சிக்கினாலும் கரும்புகையும் இழுவைக் குறைவும் வரும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது நியாயமான வேலை. ஆனால் தகடு வைத்து அடைப்பது வேறு. வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது, அந்தப் புகையை மூச்சிழுப்பது உங்கள் பின்னால் இரண்டு சக்கரத்தில் வருபவர். ரீமேப்போ இன்னும் கூடுதல் டீசலைத் தெளிக்கச் சொல்லும். காற்று கசியும் என்ஜினுக்கு மேலும் டீசல் கொடுத்தால் புகையும் சூடும்தான் கூடும், அந்தச் சூடு நேராக டர்போவில் போய் விழும்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 டீசல் வைத்திருப்பவர்கள் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வண்டிகளில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருப்பதால், காற்று கசிந்தாலும் புகை வெளியே தெரியாது. ஃபில்டர்தான் சீக்கிரம் அடைக்கும். டிபிஎஃப் அடைப்பு என்று வந்தால், ஃபில்டரைச் சுத்தம் செய்வதோடு விடாமல் இவ்வளவு கரி ஏன் வந்தது என்றும் கேளுங்கள்.

எல்லாம் பார்த்து, டர்போதான் போயிருக்கிறது என்று முடிவானால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் பூட்ட விடாதீர்கள். டர்போ தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழல்வது, அதற்கு ஆயில் ஒரு கணம் தவறினாலும் தாங்காது. ஆயில் வரும் குழாயில் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் அதே வழியில் போகும். அந்தக் குழாய் புதிதாக, ஆயில் திரும்பும் வழி சுத்தமாக, ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிதாக, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலும் உலோகத் துகளும் வழித்தெடுக்கப்பட்டு, டர்போவுக்குள் கையால் ஆயில் ஊற்றிய பின் என்ஜினைக் கிளப்ப வேண்டும். இவை எல்லாம் அந்த 45,000 ரூபாய்க்குள் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அதுவரை மலைக்கு வண்டியை எடுக்காதீர்கள். வெறும் ஹோஸ்தானே, மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். காற்று கசியும்போது கம்ப்யூட்டர் குறையை ஈடுகட்டப் பார்த்து டர்போவை அளவுக்கு மீறிச் சுழல வைக்கிறது. இப்போது நன்றாக இருக்கும் டர்போ அதனாலேயே கெட்டுப் போகலாம். ஊருக்குள் மிதமாக ஓட்டி, இந்த வாரத்துக்குள் சோப்புத் தண்ணீர் டெஸ்டை முடித்துவிடுங்கள். ஹோஸ் கிழிந்திருந்தால் டேப்பும் வயரும் சுற்றி ஓட்டாமல், உங்கள் என்ஜினுக்கு உரிய ஹோஸையே புதிய கிளாம்ப்போடு மாற்றுங்கள். விரிசலைத் தாங்கும் டேப் எதுவும் அந்தச் சூட்டில் நிற்காது. மாற்றிய பின் அதே அன்னூர் ரோடு, அதே மூன்றாவது கியர், அதே 3,000 ஆர்பிஎம். சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது காட்டிய பிரஷர், ஓட்டத்தில் ஏறிய அதிகபட்ச பிரஷர், ரெயிலில் கேட்டதும் கிடைத்ததும், இவற்றை எழுதி அனுப்புங்கள். அப்போதும் 200-ஐத் தாண்டவில்லை என்றால், ஆக்சுவேட்டர் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று ஒரு வீடியோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். அதை வைத்து மேலே பார்க்கலாம்.